மாணவர்களே, உங்களை அறிமுகப்படுத்துங்கள்!

(சிங்கப்பூர்த் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு, மாணவரும் இணையவழித் தொழில்முறைத் தொடர்பும் என்பது. தலைப்பைக் கேட்டவுடன் வீட்டில் சிலர் ரிமோட்டைத் தேடியிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். கணினிப் பாடம் நடத்த நான் வரவில்லை. நம் பிள்ளைகளில் யாருக்கு வேலை கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்காமல் போகிறது, அதற்கு என்ன காரணம் என்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பிறரை அறிமுகப்படுத்துவது என் தொழில். மருத்துவர், நாடகக் கலைஞர், சமையல் வல்லுநர் என்று யார் நிகழ்ச்சிக்கு வந்தாலும் அவரைப் பற்றி இரண்டு மூன்று வாக்கியங்கள் சொல்ல எனக்குக் கிடைப்பது அரை நிமிடம். அதற்குள் பார்ப்பவர்கள், இவர் பேச்சைக் கேட்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்துவிடுவார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் அதிகாரியும் அப்படித்தான். அவர் மேசையில் குவிந்திருக்கும் பெயர்களில் உங்கள் பெயரும் ஒன்று. அங்கே உங்களை அறிமுகப்படுத்த நான் வரமாட்டேன், உங்கள் ஆசிரியர் வரமாட்டார், அப்பா அம்மாவும் வரமாட்டார்கள். நீங்களேதான் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். அதற்கான இடங்களுள் ஒன்றுதான் லிங்க்ட்இன்.

லிங்க்ட்இன் என்பது என்ன?

பெற்றோருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரீட் ஹாஃப்மன் என்பவரும் நண்பர்களும் 2002ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் தொடங்கி, 2003 மே மாதம் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட இணையத்தளம் இது. 2016இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இதை ஏறத்தாழ 2,620 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2023இல் இதன் உறுப்பினர் எண்ணிக்கை நூறு கோடியைத் தாண்டியது. கணக்குத் தொடங்கக் கட்டணம் கிடையாது. 16 வயது நிரம்பியிருந்தால் போதும்.

ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் பிறந்தநாள் படம் போடுகிறோம், சாப்பிட்ட பிரியாணியைப் படம் எடுத்துப் போடுகிறோம். இங்கே படிப்பு, வேலை, திறமை ஆகிய மூன்று மட்டுமே பேச்சு. நிறுவனங்கள் ஆள் தேடுவதும், அனுப்பப்பட்ட விண்ணப்பத்தில் உள்ளது சரிதானா என்று பார்ப்பதும் இங்கே நடக்கின்றன. எனவே பிள்ளை இந்தத் தளத்தில் உட்கார்ந்திருந்தால், பொழுதைப் போக்குகிறான் என்று உடனே அதட்டாதீர்கள்.

தெரிந்தவர் மூலம் வேலை

"யாராவது தெரிந்த ஆள் இருந்தால்தான் வேலை" என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. இது புலம்பல் மட்டுமல்ல, ஆய்வாளர்களும் கவனித்த உண்மை. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அமெரிக்காவின் பாஸ்டன் அருகே, தெரிந்தவர் மூலம் வேலை பெற்ற சிலரிடம் அவர் விசாரித்திருந்தார். வேலையைப் பற்றிச் சொன்னவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துவந்தீர்கள் என்பது கேள்வி. அடிக்கடி பார்ப்பவர் மூலம் வேலை கிடைத்ததாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினரே. மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கும் பழைய சக ஊழியர், என்றோ கூடப் படித்தவர் போன்றோர் மூலமே செய்தி வந்திருந்தது.

யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும். நம் நெருங்கிய உறவினருக்கும் நண்பருக்கும் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். கொஞ்சம் தள்ளி இருப்பவர்தான் நாம் கேள்விப்படாத இடத்தைப் பற்றிச் சொல்வார். 2022இல் சயன்ஸ் என்ற அறிவியல் இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று, லிங்க்ட்இன் உறுப்பினர்கள் 2 கோடிப் பேரின் தகவல்களை வைத்து இதையே சோதித்துப் பார்த்தது. மிக நெருங்கியவரும் அல்லாமல், முற்றிலும் அந்நியரும் அல்லாமல், இடைப்பட்ட பழக்கமுள்ளவர்களே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவினார்கள் என்பது அதன் முடிவு.

இதில் நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. ஒரு மாணவனின் தந்தை வங்கியில் மேலாளர் என்றால், இந்த இடைப்பட்ட பழக்கங்கள் அவன் வீட்டு வரவேற்பறைக்கே வந்துவிடுகின்றன. விருந்துக்கு வந்த மாமா ஒருவர், "விடுமுறையில் எங்கள் அலுவலகத்துக்கு வாயேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். பேருந்து ஓட்டும் தந்தையின் பிள்ளைக்கோ, துப்புரவு வேலை செய்யும் தாயின் பிள்ளைக்கோ அந்த மாமா இல்லை. மதிப்பெண்ணில் இருவரும் சமமாக இருக்கலாம். வாசல்கள் சமமாக இல்லை. இந்தத் தளத்தை நான் வலியுறுத்துவது இதற்காகத்தான். மாமா இல்லாத பிள்ளை தானாகவே பத்துப் பேரைத் தேடிப் பழகிக்கொள்ள இங்கே வழி இருக்கிறது. தேடுபவர் வந்து பார்க்கும்போது பக்கம் வெறுமையாக இருந்தால் மட்டும் பயனில்லை.

சரி, அந்தப் பக்கத்தை எப்படி அமைப்பது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பெயர்

நமக்கு முதல் சிக்கல் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. தளம் இரண்டு பெட்டிகளைக் காட்டி முதற்பெயரையும் குடும்பப்பெயரையும் கேட்கும். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. அடையாள அட்டையில் நம் பெயர், பிறகு எஸ்/ஓ அல்லது டி/ஓ, பிறகு தந்தை பெயர் என்று இருக்கும். சிலர் அதை அப்படியே பெட்டியில் திணிக்கிறார்கள். சிலர் இரண்டாம் பெட்டியில் ஒரு புள்ளியை வைத்துவிடுகிறார்கள். இரண்டும் பார்க்க நன்றாக இருக்காது.

முதல் பெட்டியில் உங்கள் பெயரையும் இரண்டாம் பெட்டியில் தந்தை பெயரையும் எழுதுங்கள். எஸ்/ஓ, டி/ஓ வேண்டாம். ஆங்கில எழுத்துக்கூட்டல் சான்றிதழில் உள்ளதைப் போலவே இருக்கட்டும். சான்றிதழில் ஒரு விதம், விண்ணப்பத்தில் ஒரு விதம், இணையப் பக்கத்தில் மற்றொரு விதம் என்று இருந்தால் தேடுபவர் குழம்புவார். இப்படிச் செய்தால் யாராவது உங்களை அப்பாவின் பெயர் சொல்லி "அன்புள்ள திரு. முருகையா" என்று விளித்து எழுதக்கூடும். பதில் கடிதத்தின் அடியில் உங்கள் பெயரைப் போடுங்கள், புரிந்துகொள்வார்கள்.

இன்னொரு வசதியும் உண்டு. பெயரை உங்கள் குரலிலேயே பதிவு செய்து வைக்கலாம். 2020இல் வந்த இந்த வசதியில் 10 விநாடி வரை பேசலாம். யாழினி, எழிலரசன் என்றெல்லாம் அழகாகப் பெயர் வைத்திருக்கிறோம். நேர்முகத்தில் அதைச் சொல்லத் தெரியாமல் எதிரே இருப்பவர் தடுமாறுகிறார், நமக்கும் சங்கடம். முன்கூட்டியே கேட்க வைத்துவிட்டால் அந்தத் தடுமாற்றம் இல்லை. பெயரைச் சுருக்கி வேறொன்றாக மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

படமும் தலைப்பு வரியும்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது இங்கும் பொருந்தும். படத்துக்குப் புகைப்பட நிலையம் போக வேண்டாம், கைப்பேசியே போதும். தொலைக்காட்சியில் நாங்கள் பின்பற்றும் இரண்டு விதிகளைச் சொல்கிறேன். வெளிச்சம் உங்களுக்குப் பின்னால் இல்லாமல் முகத்தில் விழ வேண்டும். வீவக வீட்டுச் சன்னலைப் பார்த்து நின்றால் காலை வெளிச்சமே நல்ல விளக்கு. அடுத்து, திரையில் தெரியும் உங்கள் முகத்தைப் பார்க்காமல் கேமரா கண்ணைப் பாருங்கள். முகமும் தோளும் தெரிந்தால் போதும், பின்னால் வெறும் சுவர் இருக்கட்டும். கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்த படம் வேண்டாம். உங்கள் தோளில் வேறு யாருடைய கையோ இருப்பது தெரிந்துவிடும். நெற்றியில் பொட்டோ திருநீறோ வைப்பது உங்கள் வழக்கம் என்றால் அப்படியே இருங்கள்.

பெயருக்குக் கீழே வருவது தலைப்பு வரி. 220 எழுத்துகள் வரை இடம் உண்டு. நீங்கள் எதுவும் எழுதாவிட்டால் "இன்ன கல்லூரி மாணவர்" என்று தளமே போட்டுவிடும். அதே வரியோடு ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். நிகழ்ச்சியில் ஒருவரை "இவர் ஒரு மருத்துவர்" என்று மட்டும் சொல்லி நான் நிறுத்தினால் நீங்கள் உட்கார்ந்து கேட்பீர்களா? "சிறுநீரக நோயாளிகளுக்கு 20 ஆண்டுகளாகச் சிகிச்சை அளிப்பவர்" என்றால் நிமிர்ந்து உட்காருவீர்கள்.

ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி. தளவாடத் துறையில் பட்டயப்படிப்பு. பெற்றோர் சிறிய மளிகைக்கடை நடத்துகிறார்கள். சனி, ஞாயிறுகளில் கடையில் உதவுகிறாள். அவளுடைய தலைப்பு வரியில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும். என்ன படிக்கிறாள், என்ன செய்யத் தெரியும், எதைத் தேடுகிறாள். "தளவாடப் பட்டயப்படிப்பு, இரண்டாம் ஆண்டு. சரக்கிருப்புக் கணக்கு, எக்செல் தெரியும். மார்ச் மாதம் முதல் கிடங்கு நிர்வாகத்தில் வேலைப் பயிற்சி தேடுகிறேன்." இதை ஆங்கிலத்தில் எழுதினால் போதும். ஆள் தேடும் அதிகாரி தட்டும் சொற்கள் இவைதாம். உங்கள் பக்கத்தில் அந்தச் சொற்கள் இல்லை என்றால் தேடலில் நீங்கள் அகப்படமாட்டீர்கள்.

அடுத்து "என்னைப் பற்றி" என்ற பகுதி. 2,600 எழுத்துகள் வரை இடம் இருந்தாலும், திறந்தவுடன் கண்ணில் படுவது முதல் சில வரிகளே. கடின உழைப்பாளி, குழுவோடு ஒத்துழைப்பவர், ஆர்வமிக்கவர் என்ற அடைமொழிகளை அந்த வரிகளில் அடுக்காதீர்கள். எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். நீங்கள் செய்த ஒரு காரியத்தைச் சொல்லித் தொடங்குங்கள்.

எனக்கு அனுபவமே இல்லையே!

மாணவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான். "அக்கா, நான் இன்னும் வேலைக்கே போகவில்லை. அனுபவம் என்ற பகுதியில் என்ன எழுதுவது?"

அந்த மளிகைக்கடைப் பெண்ணிடமே வருவோம். அவளைக் கேட்டால், "சும்மா அம்மாவுக்குக் கடையில் கூடமாட உதவுவேன்" என்பாள். அந்த "சும்மா" என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். எந்த அரிசி எத்தனை மூட்டை இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பால் மாவு டின்னில் காலாவதி தேதி பார்த்து, முந்தியதை முன்னால் அடுக்குகிறாள். தீபாவளிக்கு எத்தனை வாரம் முன்பே முறுக்கு மாவும் நெய்யும் வரவழைக்க வேண்டும் என்று அறிவாள். மொத்த வியாபாரியிடம் தொலைபேசியில் பேசுகிறாள். இதற்கெல்லாம் வகுப்பறையில் பெயர் இருக்கிறது. சரக்கிருப்பு நிர்வாகம், முந்தி வந்தது முந்திப் போகும் முறை, பருவகாலத் தேவை முன்கணிப்பு, விநியோகிப்பாளர் தொடர்பு. பாடப்புத்தகத்தில் படிப்பதை அவள் பத்து வயதிலிருந்தே செய்து வருகிறாள். அதை எழுதுவதற்கு என்ன கூச்சம்?

எழுதும்போது வினையும் எண்ணும் இருக்கட்டும். "கடையில் உதவினேன்" என்று எழுதாமல், எத்தனை பொருள்களுக்குக் கணக்கு வைத்தீர்கள், எத்தனை ஆண்டாக, நோட்டுப் புத்தகத்திலிருந்து எக்செல் பட்டியலுக்கு மாற்றியது யார் என்று எழுதுங்கள். ஆனால் எண்ணைக் கற்பனை செய்யாதீர்கள். உண்மையாக எண்ணிப் பாருங்கள்.

தொண்டும் அனுபவமே. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை காவடிகள் போகும் வழியில், தண்ணீர்ப்பந்தலில் நின்று இரவெல்லாம் நீர்மோர் கொடுத்த இளைஞர்கள் எத்தனை பேர்! எத்தனை பேர் கொண்ட குழு, எத்தனை மணி நேரம், யார் யாருக்கு முறை வைத்தீர்கள்? அதுவும் ஒரு நிர்வாகம்தான். துணைப்பாட வகுப்பில் சிறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது, சமூக மன்றத்தில் பொங்கல் விழாவுக்கு வரவு செலவு பார்த்தது, இணைப்பாட நடவடிக்கையில் செயலாளராக இருந்தது ஆகியவற்றுக்கும் இடம் உண்டு. தளத்தில் தொண்டூழியத்துக்கென்றே தனிப்பகுதி இருக்கிறது. கல்லூரியில் செய்த செய்முறைத் திட்டங்களுக்கும் தனிப்பகுதி இருக்கிறது.

தொழில்நுட்பக் கல்விக் கழக மாணவர்கள் குறிப்பாகக் கேளுங்கள். இது பட்டதாரிகளுக்கான தளம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். பற்றவைப்பு, குளிர்சாதனப் பழுதுபார்ப்பு, சமையல், தாதிமை எதுவாக இருந்தாலும் உங்கள் கைவேலையைப் படம் எடுத்துப் போடலாம். கையால் செய்ததைக் கண்ணால் காட்ட முடிவது உங்களுக்குள்ள அனுகூலம்.

தமிழும் ஒரு தகுதி

மொழிகள் என்ற பகுதியைப் பலர் காலியாக விட்டுவிடுகிறார்கள். தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. மருத்துவமனையில் ஆங்கிலம் தெரியாத பாட்டியிடம் பேச ஆள் தேவை. சமூக சேவை அமைப்புகளுக்கும் தமிழ் ஊழியர்களோடு பணிபுரியும் கட்டுமான, கப்பல் பட்டறை நிறுவனங்களுக்கும் தேவை. ஒலிபரப்புக்கும் மொழிபெயர்ப்புக்கும் சொல்லவே வேண்டாம். பேச மட்டும் தெரியுமா, எழுதவும் தெரியுமா என்று நிலையைக் குறிப்பிடுங்கள். எழுதத் தெரியாமல் தெரியும் என்று போட்டுவிடாதீர்கள். முதல் நாளே ஓர் அறிவிப்பை மொழிபெயர்க்கச் சொல்வார்கள்.

தம்பட்டம் அல்ல

இங்கே நம் வளர்ப்பைப் பற்றி ஒரு சொல். தன்னைப் பற்றித் தானே பேசுவது தற்பெருமை என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். நல்ல பண்புதான். ஆனால் நேர்முகத்தில் "உன்னைப் பற்றிச் சொல்" என்று கேட்டால் நம் பிள்ளை தலையைக் குனிந்துகொள்கிறது. செய்யாததைச் செய்ததாகச் சொல்வது தம்பட்டம். செய்ததை அளவோடு சொல்வது தகவல். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

அதே காரணத்தால் பொய் எழுதவே கூடாது. மூன்று நாள் பயிலரங்குக்குப் போய்விட்டு "நிபுணர்" என்று போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். இணையத்தில் எழுதியது எல்லார் கண்ணிலும் படும், உங்கள் விரிவுரையாளர் கண்ணிலும் படும்.

இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் சொன்னால் ஒரு நொடியில் பளபளப்பாக எழுதித் தந்துவிடுகின்றன. பிழை திருத்தப் பயன்படுத்துங்கள், தவறில்லை. முழுவதையும் அதனிடம் விட்டால், உங்கள் பக்கமும் அடுத்த மாணவர் பக்கமும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். அதைவிட ஆபத்து, நேர்முகத்தில் "இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?" என்று கேட்டால் விழிக்க வேண்டியிருக்கும். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நீங்கள் பேசாத சொல் வந்தால் அடித்துவிடுங்கள். நாங்களும் ஒளிப்பதிவுக்கு முன்னால் அதைத்தான் செய்கிறோம்.

நம் சொல்லைவிடப் பிறர் சொல்லுக்கு மதிப்பு அதிகம். தளத்தில் பரிந்துரை என்ற பகுதி உண்டு. செய்முறைத் திட்டத்தை வழிநடத்திய விரிவுரையாளரிடமோ, பகுதிநேர வேலை கொடுத்த முதலாளியிடமோ நான்கு வரி கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்த சூட்டோடு கேளுங்கள். ஓராண்டு கழித்துக் கேட்டால் அவருக்கு நினைவிருக்காது.

கதவைத் தட்டுவது எப்படி?

பக்கம் தயார். இனிமேல்தான் முக்கிய வேலை. பக்கத்தை அமைத்துவிட்டுச் சும்மா இருந்தால், கடையைத் திறந்துவைத்துவிட்டு விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருப்பதற்குச் சமம்.

உங்கள் கல்லூரியின் பக்கத்துக்குப் போங்கள். அங்கே முன்னாள் மாணவர்கள் என்ற பகுதி இருக்கும். அங்கே படித்தவர்கள் எந்தெந்த நிறுவனத்தில், எந்தெந்தப் பணியில் இருக்கிறார்கள் என்று அது வகைப்படுத்திக் காட்டும். உங்கள் படிப்பையே படித்து, உங்களுக்கு மூன்று நான்கு ஆண்டு மூத்தவர்களாக ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். பெரிய தலைமை நிர்வாகிக்கு எழுத வேண்டாம். உங்கள் நிலையிலிருந்து அண்மையில் மேலேறியவருக்குத்தான் படிக்கட்டு நினைவிருக்கும்.

எழுதும்போது வேலை கேட்காதீர்கள், கேள்வி கேளுங்கள். "வணக்கம். நீங்கள் படித்த அதே தளவாடப் பட்டயப்படிப்பில் நான் இரண்டாம் ஆண்டு. கிடங்குப் பணியிலிருந்து திட்டமிடல் பிரிவுக்கு நீங்கள் மாறியதைப் பார்த்தேன். அதற்கு எந்தப் பாடம் கைகொடுத்தது என்று அறிய விரும்புகிறேன். நேரம் இருக்கும்போது இரண்டு வரி எழுதுங்கள்." இவ்வளவு போதும். அவருடைய பக்கத்தை நீங்கள் படித்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அவர் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். "ஹாய், வேலை இருக்கா?" என்று எழுதினால் பதில் வராது.

பத்துப் பேருக்கு எழுதினால் ஏழெட்டுப் பேர் பேசாமல் இருந்துவிடலாம். மனம் தளராதீர்கள். பதில் எழுதியவருக்கு நன்றி சொல்லுங்கள். அவர் சொன்னபடி ஒரு பாடத்தை எடுத்தால், சில மாதம் கழித்து அதன் பலனை அவருக்குத் தெரிவியுங்கள். இப்படித்தான் அந்நியராக இருந்தவர், முன்னே சொன்ன இடைப்பட்ட பழக்கமுள்ளவராகிறார். நாளை அவர் நிறுவனத்தில் இடம் காலியானால் உங்கள் பெயர் அவர் நினைவுக்கு வரும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நல்ல பக்கம் இருந்தாலே வேலை கிடைத்துவிடாது. அது நேர்முகத்தின் வாசல் வரை கொண்டுபோய் விடும். உள்ளே போய்ப் பேச வேண்டியது நீங்கள். படிப்பைக் கோட்டைவிட்டுவிட்டு நாள் முழுக்கப் பக்கத்தை அலங்கரிப்பவருக்கு உள்ளே சொல்ல எதுவும் இருக்காது. வாரத்துக்கு அரை மணி நேரம் போதும்.

எச்சரிக்கை வேண்டும்

கதவைத் திறந்தால் காற்றும் வரும், கொசுவும் வரும். அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, பிறந்த தேதி ஆகியவற்றைப் பக்கத்தில் போடவே வேண்டாம். சிங்கப்பூரில் 2019 செப்டம்பர் முதல் தேவையின்றி அடையாள அட்டை எண்ணை நிறுவனங்கள் கேட்கக்கூடாது என்று விதிமுறை கடுமையாக்கப்பட்டது. கேட்பவருக்கே கட்டுப்பாடு இருக்கும்போது, கேட்காதவருக்கு நாமே ஏன் கொடுக்க வேண்டும்?

தேசிய சேவை செய்யும் தம்பிகள் கவனியுங்கள். கற்ற தலைமைத்துவம், பதவி இவற்றைப் பொதுவாகக் குறிப்பிடலாம். முகாம், கருவிகள், நடவடிக்கை விவரங்கள் கூடாது. இது வீண் பயம் அல்ல. 2020 ஜூலையில் சிங்கப்பூரர் ஒருவர், சீன உளவுத்துறைக்காக வேலை செய்ததாக அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அவர் தகவல் தேடி ஆள் பிடிக்கப் பயன்படுத்தியது தொழில்முறைத் தொடர்புத் தளத்தைத்தான். பொய்யாக ஓர் ஆலோசனை நிறுவனத்தின் பெயரில் விளம்பரம் செய்ததில் 400க்கும் மேற்பட்டோர் தன்விவரங்களை அனுப்பிவைத்தார்கள்.

அடுத்து வேலை மோசடி. வேலை தருகிறேன் என்பவர் உங்களிடம் பணம் கேட்டால் அது வேலை அல்ல. உடனே டெலிகிராமுக்கு வா, வாட்ஸ்அப்புக்கு வா என்று அழைத்தால் சந்தேகப்படுங்கள். வங்கிக் கணக்கையோ சிங்பாஸ் விவரத்தையோ கேட்டால் பேச்சை நிறுத்திவிடுங்கள். மோசடிக்குத் துணைபோகும்படி அவற்றைப் பிறரிடம் கொடுப்பவர்களைத் தண்டிக்க நாடாளுமன்றம் 2023இல் சட்டத்தைத் திருத்தியது. ஏமாந்துவிட்டேன் என்று சொல்லி எளிதில் தப்பிக்க முடியாது. ஐயம் இருந்தால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799ஐ அழைத்துக் கேளுங்கள்.

மறைச்சொல்லையும் மறக்காதீர்கள். லிங்க்ட்இன் தளமே 2012இல் ஊடுருவப்பட்டது. அப்போது 65 லட்சம் மறைச்சொற்கள் கசிந்ததாகச் சொன்னார்கள். 2016இல் அந்த எண்ணிக்கை 11 கோடியைத் தாண்டியது என்று தெரியவந்தது. வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் இதற்கும் ஒரே மறைச்சொல் வைக்காதீர்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள்.

மூத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இதுவரை மாணவர்களிடம் பேசினேன். நிறைவாக, வேலையில் இருக்கும் நம்மவர்களிடம் சில வார்த்தைகள்.

மின்பொறியாளராக, தாதியாக, கணக்காளராக, கிடங்கு மேற்பார்வையாளராக உங்களில் ஆயிரக்கணக்கானோர் நல்ல நிலையில் இருக்கிறீர்கள். உங்கள் கைப்பேசியில் என்றாவது ஒரு நாள் முன்பின் தெரியாத மாணவர் ஒருவரின் நான்கு வரி வந்து நிற்கும். ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறலாம். அனுப்பலாமா வேண்டாமா என்று பலமுறை எழுதி எழுதி அழித்த பிறகே அந்தப் பிள்ளை அதை அனுப்பியிருக்கும். தயவுசெய்து ஒதுக்கிவிடாதீர்கள். வேலை வாங்கிக் கொடுக்கச் சொல்லவில்லை. "இந்தப் பாடத்தை எடு, இந்தத் தவற்றைத் திருத்து" என்று இரண்டு வரி எழுதுங்கள். அதற்கு ஆகும் நேரம் ஒரு கோப்பி குடிக்கும் நேரம்.

வீட்டில் மாமா இல்லாத அந்தப் பிள்ளைக்கு அன்று நீங்கள்தான் மாமா, நீங்கள்தான் அத்தை.